கருந்துளையை எழுப்புவது எது? – கடிதம்

அன்புள்ள சார்,

இரண்டு கேலக்ஸிகள் மோதினால் அவற்றின் நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளைகள் விழித்துக்கொள்ளும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மோதலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறது இன்னொரு கட்டுரை. விஞ்ஞானிகளுக்கே ஒரு முடிவு இல்லாதபோது நாம் எதைத்தான் நம்புவது? பக்கத்துக் கேலக்ஸியான ஆண்ட்ரோமெடா வந்து மோதும்போது நம் பால்வெளியின் கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுமா? பத்தாவது படிக்கும் மகள் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

கே.

அன்புள்ள கே.,

மகள் கேட்டாள் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் உடனே உட்கார்ந்துவிட்டேன். சில நாட்களாக நானும் இதே யோசனையில்தான் இருந்தேன்.

ஆண்ட்ரோமெடா இருப்பது 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால். அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் அது நம்மோடு இணைய ஏறக்குறைய பாதி வாய்ப்புதான் என்கிறது 2025இல் வந்த ஒரு கணக்கீடு. அதை இத்தோடு விட்டுவிடுவோம்.

‘உறிஞ்சிவிடுமா’ என்று கேட்டீர்களே, அதை விட முடியாது. கருந்துளை எதையும் உறிஞ்சுவதில்லை. பால்வெளியின் நடுவிலுள்ள கருந்துளைக்குச் சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறை. அதன் பக்கத்திலேயே எஸ்2 என்றொரு விண்மீன் 16 ஆண்டுக்கு ஒரு சுற்று வீதம் சுற்றிக்கொண்டிருக்கிறது, உள்ளே விழவில்லை. வாயுவும் அப்படித்தான். சுற்றுகிற எதற்கும் கோண உந்தம் உண்டு, அது இருக்கும்வரை பொருள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். வாயு இரையாக விழுந்து, சூடாகி ஒளிரும்போதுதான் கருந்துளை ‘விழித்தது’ என்கிறோம். அந்த இரை போய்ச் சேர வேண்டுமென்றால் யாராவது அந்தச் சுழற்சியைப் பிடுங்க வேண்டும்.

பக்கத்தில் வரும் இன்னொரு கேலக்ஸி செய்வது அதைத்தான். மோதல் என்றதும் விண்மீன்கள் முட்டிக்கொள்வதாக நினைக்காதீர்கள். அவற்றுக்கு நடுவே அவ்வளவு வெற்றிடம், ஒன்றையொன்று தொடாமலே கடந்துவிடும். வாயுதான் மாட்டிக்கொள்கிறது. ஈர்ப்பில் கேலக்ஸியின் வடிவம் கோணிப்போக, வாயு மேகங்கள் ஒன்றோடொன்று இடித்துச் சுழற்சியை இழந்து நடுவை நோக்கிச் சரிகின்றன.

இதை எனக்குப் புரியவைத்தவர் கல்லூரியில் இயற்பியல் நடத்திய ஆசிரியர். ஸ்வீடனைச் சேர்ந்த வானியலாளர் எரிக் ஹோம்பெர்க் கணினி இல்லாத காலத்தில், 1941இல், ஒவ்வொரு கேலக்ஸிக்கும் 37 மின்விளக்குகளை வைத்து இரண்டையும் மெல்ல நெருங்கவிட்டுப் பார்த்தார். ஈர்ப்பைப் போலவே வெளிச்சமும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும், ஆகவே ஒரு விளக்கின் இடத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது என்று அளந்தால் அங்கே எவ்வளவு ஈர்ப்பு என்று தெரிந்துவிடும். அதையே சார் எங்களையும் செய்துபார்க்க வைத்தார். எங்களிடம் இருந்தவை ஆறு பல்புகள், ஓர் ஒளிமானி. இருட்டறையில் மேசைமீது வரைதாளை விரித்து, ஒவ்வொரு பல்பாக நகர்த்தி, பென்சிலால் குறித்துக்கொண்டே போனோம். இரவு ஒன்பது மணிக்கு ஓரத்துப் பல்பு ஒன்று தன் கூட்டத்தை விட்டு விலகி வெளியே வளைந்தது. சார் ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்து பென்சிலை வாங்கி அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அவர் இன்று இல்லை. அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.

சரி, ‘விஞ்ஞானிகளுக்கே முடிவு இல்லை’ என்றீர்களே, அது எனக்குக் கோபமூட்டியது. இரண்டு கட்டுரைகளின் தலைப்பை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதக் கூடாது. மிக நெருங்கிய கேலக்ஸி ஜோடிகளை எடுத்துப் பார்த்தவர்கள், விழித்திருக்கும் கருந்துளைகள் அங்கே இரண்டு மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள். 2011இல் இன்னொரு குழு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. கருந்துளை விழித்திருக்கும் 140 கேலக்ஸிகளை ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் ஆராய்ந்ததில், 85 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் பெரிய சிதைவு ஏதும் இல்லை. இரண்டும் உண்மைதான். முதல் குழுவின் கேள்வி: ‘இணைகிறவற்றில் எத்தனை விழிக்கின்றன?’ இரண்டாவது குழுவின் கேள்வி: ‘விழித்தவற்றில் எத்தனை இணைகின்றன?’ வாயுவை உள்ளே தள்ள வேறு வழிகளும் உண்டு. கேலக்ஸியின் நடுவில் விண்மீன்கள் பட்டைபோல் சேர்ந்தாலே போதும்.

அதைவிடப் பெரிய சிக்கல் காலம். யாரும் இதற்குப் போதிய கவனம் தருவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். இணைவு முடிய நூறு கோடி ஆண்டுபோல ஆகும். கருந்துளையின் ஒரு விழிப்போ லட்சம் ஆண்டு அளவில்கூட அடங்கிவிடலாம், பிறகு தூக்கம், மறுபடி விழிப்பு. நாம் பார்ப்பது ஒரே ஒரு கணத்தின் படம்.

2007இல் ஹன்னி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, கேலக்ஸிகளை இனம்பிரிக்கும் பொதுமக்கள் திட்டமொன்றில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐசி 2497 என்ற கேலக்ஸிக்குக் கீழே ஒரு நீலத் தீற்றல். விண்மீன் ஒளியால் விளக்க முடியாதபடி சூடேறிய வாயு மேகம் அது. அதை ஒளிர வைக்க ஒரு குவாசர், அதாவது முழு வேகத்தில் இரை விழுங்கிப் பிரகாசிக்கும் கருந்துளை வேண்டும், ஆனால் கேலக்ஸியின் நடுவிலோ அந்த அளவுக்கு எதுவும் எரியவில்லை. அணைந்துவிட்டது. நடுவிலிருந்து கிளம்பிய பழைய ஒளி பல பத்தாயிரம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் மேகத்தைத் தொட்டுவிட்டு நம்மிடம் வருவதால்தான் மேகம் மட்டும் இன்னும் ஒளிர்கிறது. அந்த மேகமும், முன்பொரு காலத்தில் நடந்த ஈர்ப்பு இழுபறியில் வெளியே வீசப்பட்ட வாயுதான். கேலக்ஸியின் நடுவை மட்டும் பார்க்கிறவர் ‘இழுபறிக்குப் பிறகும் விழிக்கவில்லை’ என்றுதான் அட்டவணையில் எழுதுவார். கொஞ்ச காலம் முன்பு பார்த்திருந்தால் அதே கேலக்ஸி எதிர்ப் பட்டியலில் இருந்திருக்கும். ஒவ்வொரு எண்ணிக்கையிலும் இப்படி எத்தனை ஒளிந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் கலைந்துவிடுகிறது.

இந்த மேகத்தை ஹப்பிளும் எடுத்திருக்கிறது, அந்தப் படத்தில் பச்சையாகத் தெரியும். மகளுக்கு அதைக் காட்டுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். மேகத்தை அவள் நன்றாகப் பார்த்து முடித்த பிறகு, மேலே இருக்கும் கேலக்ஸியின் நடுவைக் காட்டி, இங்கே என்ன நடந்திருக்கும் என்று அவளிடமே கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.