மண்டியிடும் மகள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் ஒஹாயோவில் 22 வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். என் மகளுக்கு 24 வயது. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து எஸ்சிஏ என்கிற சங்கத்தில் இருக்கிறாள். ஐரோப்பாவின் மத்தியகாலத்தை நடித்துப் பார்க்கிறவர்கள். வார இறுதியானால் கவசம், சண்டை, கூடாரம், விருந்து. உடம்புக்கு நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் ஒரு செய்தி சொன்னாள். அங்கே வீரர் பட்டம் பெற்ற ஒரு 'நைட்' இவளைத் தன் 'ஸ்கொயர்' ஆக, அதாவது சிஷ்யையாக, ஏற்றுக்கொள்ளப் போகிறாராம். அடுத்த மாதம் எல்லோர் முன்னிலையிலும் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் அவர் கைக்குள் வைத்து உறுதிமொழி சொல்ல வேண்டுமாம். நாளைக்கு அவளே நைட் ஆனால் 'ராஜா' முன்னாலும் இதே மண்டியிடல். எங்களையும் வரச் சொல்கிறாள்.

என் தாத்தா பண்ணையாள். மிராசுதார் வீட்டு வாசலில் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் நின்ற நிலையைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவுக்குக் குரல் உடையும். அப்பா கறுப்புச்சட்டைக்காரர். யார் காலிலும் விழக்கூடாது என்று வளர்த்தார். என் கல்யாணத்தில்கூட நாங்கள் யார் காலிலும் விழவில்லை. அந்த வீட்டுப் பெண் தானாகப் போய் ஒரு பொம்மை ராஜா முன்னால் முட்டி போடப் பார்க்கிறாள். கேட்டால், "இது கேம்தான்ப்பா" என்கிறாள். விளையாட்டு என்றால் சத்தியம் எதற்கு? சத்தியம் என்றால் அதில் என்ன விளையாட்டு? நான் போகலாமா, வேண்டாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

---

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் உங்களிடம் தப்பித்துக்கொள்ளப் பதில் சொல்லியிருக்கிறார். வீட்டில் அப்பாவிடம் அப்படித்தான் சொல்ல முடியும். அந்தச் சங்கத்தார் கூடும் இடத்துக்கு நானும் ஒருமுறை போயிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்டில் பிட்ஸ்பர்க்கில் உறவினர் வீட்டில் இருந்தேன். அந்த ஊர்ப் பெருமாள் கோயிலில் சேவித்த மறுநாள், "ஒரு கூத்து காட்டுகிறேன், வாருங்கள்" என்று வடக்கே ஸ்லிப்பரி ராக் பக்கம் கூட்டிப் போனார்கள். பென்சிக் வார் என்று பெயர், உங்கள் மகளின் சங்கத்தார் நடத்தும் விளையாட்டுப் போர். 1972-இலிருந்து அநேகமாக வருடா வருடம் நடக்கிறது. பத்தாயிரம் பேர் வரை கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். ஊர்களையெல்லாம் ராஜ்ஜியங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்; அதில் கிழக்கு ராஜ்ஜியத்துக்கும் நடு ராஜ்ஜியத்துக்கும் போர். ஒஹாயோ இந்த நடு ராஜ்ஜியத்தில்தான் வருகிறது. ஆக நீங்களும் குடிமகன், இத்தனை வருடமாக வரி கட்டாமல் ஏமாற்றியிருக்கிறீர்கள். தோற்கிற ராஜ்ஜியத்தின் தலையில் பிட்ஸ்பர்க் கட்டப்படும் என்பது அவர்களுடைய பழைய கிண்டல். பெருமாளும் சேர்த்தியா என்று கேட்டேன், உறவினர் முறைத்தார்.

வாசலிலேயே என் ஜீன்ஸைப் பார்த்துவிட்டு ஒரு தொளதொள அங்கியை இரவல் கொடுத்தார்கள். 1600-க்கு முந்தைய உடை போல ஏதாவது ஒன்றை முயற்சியாவது செய்து அணிந்திருக்க வேண்டும் என்பது விதி.

உள்ளே ஒரு சண்டையைப் பார்த்தேன். ஆயுதம் பிரம்பு. நம் வாத்தியார்கள் வைத்திருந்த அதே வகைப் பிரம்புதான், ஆனால் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாத பருமன், மேலே டக்ட் டேப் சுற்றியிருக்கும். நிஜ இரும்புத் தலைக்கவசம், நிஜ அடி. கனத்த உடம்புக்காரர் ஒருவரும் ஒல்லியான பெண் ஒருத்தியும் மோதினார்கள். எங்கேயோ 'டப்' என்று சத்தம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த மனிதர் ஒரு கணம் நின்றார். தனக்குள் எதையோ கணக்குப் போடுவதுபோல இருந்தது. பிறகு "குட்" என்று உரக்கச் சொல்லிவிட்டு மண்டியிட்டார். தொடையில் பட்டிருக்கிறது. கால் போய்விட்டது என்று கணக்கு. அதன்பின் முட்டிபோட்டபடியே சண்டை. இன்னும் மூன்று வீச்சில் தலையில் ஒன்று விழுந்தது. தொப்பென்று தானே சாய்ந்து படுத்தார்.

கையில் கோலோடு ஒரு மார்ஷல் பக்கத்திலேயே நின்றிருந்தார், வாயே திறக்கவில்லை. யாருக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அடி விழுந்ததா, வலுவாக விழுந்ததா என்று சொல்ல வேண்டியவர் அடி வாங்கியவர். எல்லோரும் இரும்பு வளையச் சட்டை போட்டிருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். நிஜ வாளாக இருந்தால் இந்த அடி அதைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்குமா? அது பட்டவனுக்கு மட்டும்தான் தெரியும். "லேசு" என்று சொல்லிவிட்டு அவர் தொடர்ந்து ஆடியிருந்தால் கேட்க நாதியில்லை. இதே விதியில்தான் பட்டத்துக்கான போட்டியும் நடக்கிறது. அதில் ஜெயிப்பவரும், அவர் யார் சார்பில் களமிறங்கினாரோ அவரும்தான் பட்டத்துக்கு வருகிறார்கள். ராஜா ஆவதையே எதிராளியின் வாய்ச்சொல்லை நம்பி விட்டிருக்கிறார்கள்.

விளையாட்டு என்றால் சத்தியம் எதற்கு என்று கேட்டீர்களே, எனக்கு அந்தத் திடலில்தான் பதில் கிடைத்தது. நடுவர் வைத்து நடத்துகிற ஆட்டத்துக்குச் சத்தியம் தேவைப்படாது. கிரிக்கெட்டில் பந்து மட்டையில் பட்டது தெரிந்தும் நிற்கிறவனை நாம் கெட்டிக்காரன் என்கிறோம். இங்கே நடுவரே இல்லை. வாக்கு பொய்யானால் ஆட்டமே மிஞ்சாது. சாயங்காலம் சபையில் மண்டியிட்டுக் கை கொடுப்பதெல்லாம் பகலில் திடலில் நடந்ததற்கு மேல் போர்த்துகிற பட்டுத்தான்.

சடங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1966 மே 1 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு வீட்டுப் பின்கட்டில் விருந்தும் வாள்சண்டையுமாகத் தொடங்கியது இது. மத்தியகால வரலாறு படிக்கும் மாணவர்களும் அறிவியல்புனைவு ரசிகர்களுமாகச் சேர்ந்தார்கள். அடுத்த முறை பூங்காவில் இடம் கேட்டபோது அமைப்புக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம் என்ற வாய்க்குள் நுழையாத பெயர் அப்படி வந்ததுதான். பல ராஜ்ஜியங்களில் சொல்லப்படும் விசுவாசப் பிரமாணத்தின் வாசகம் மத்தியகாலத்தது அல்ல. 1955-இல் வெளிவந்து முடிந்த டோல்கியனின் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் நாவலில் ஒரு பாத்திரம் சொல்லும் சத்தியத்தைத் தழுவியது. உங்கள் மகளிடம் கேளுங்கள், சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்.

ஆனால் கைக்குள் கை வைப்பது நிஜம். 1127-இல், இன்றைய பெல்ஜியம் பக்கத்து ஃபிளாண்டர்ஸில் புதுப் பிரபு பதவியேற்றபோது நடந்ததை ப்ரூஜ் நகரத்து கால்பெர்ட் என்பவர் கூடவே இருந்து எழுதி வைத்திருக்கிறார். முழுமையாக என் ஆளாக விரும்புகிறாயா என்று பிரபு கேட்கிறார். வந்தவன் விரும்புகிறேன் என்று சொல்லிக் கைகளைச் சேர்த்து நீட்டுகிறான். பிரபு அவற்றைத் தன் கைகளால் பொதிந்துகொள்கிறார், முத்தமிடுகிறார்கள். அப்புறம்தான் புனிதர்களின் எச்சங்கள் மேல் சத்தியம். இங்கிலாந்தில் 15-ஆம் நூற்றாண்டில் சட்ட அறிஞர் லிட்டில்டன் எழுதியது இன்னும் துல்லியம்: பிரபு உட்கார்ந்திருப்பார், வருகிறவன் இடைக்கச்சையை அவிழ்த்து, தலை திறந்து, இரண்டு முழங்காலும் தரையில் பட மண்டியிட வேண்டும்.

இந்த இடத்தில் உங்கள் தாத்தா எனக்கு நினைவுக்கு வந்தார். அங்கே கச்சையை அவிழ்க்கச் சொன்னார்கள், இங்கே துண்டை இடுப்பில் கட்டச் சொன்னார்கள். உடுப்பில் கை வைத்துத்தான் ஒருவனைச் சின்னவனாக்க முடியும் என்று இரண்டு ஊர்க்காரர்களும் கண்டுபிடித்திருக்கிறார்கள். உங்கள் கோபத்தை நான் சமாதானப்படுத்தப் போவதில்லை. அதற்கு ஒரு நியாயம் இன்னும் இருக்கிறது. இந்தச் சங்கத்தில் சேர்கிற எல்லோரும் நல்ல குடியில் பிறந்தவர்களாகவே பாவிக்கப்படுகிறார்கள். ஏர் பிடித்தவன், பிரபுவின் நிலத்தோடு கட்டுண்டு கிடந்தவன் வேடத்தில் யாராவது வருகிறார்களா என்று நான் அன்று முழுக்கத் தேடினேன், ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. ஐரோப்பாவின் மத்தியகாலத்தில் பெரும்பான்மை அவர்கள்தான். மத்தியகாலம் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி என்று இவர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. எனக்கு அந்த வாசகத்தோடு தீராத வழக்கு உண்டு. பண்ணையாளை நீக்கிவிட்டுப் பண்ணையை மட்டும் வைத்துக்கொள்வது கொஞ்சம் சௌகரியமான வரலாறு.

இருந்தாலும் இந்த ராஜாவின் லட்சணத்தையும் பாருங்கள். பெரும்பாலான ராஜ்ஜியங்களில் ஆட்சி ஆறு மாதம்தான். அதற்குள் அடுத்த போட்டி வந்துவிடும். இறங்கியவர் மறுநாள் விருந்துக்கூடத்தில் பாத்திரம் கழுவ நிற்பார். ராஜா மாறியதும் பழைய விசுவாசம் தீர்ந்தது, பட்டாபிஷேகத்தில் நைட்டுகள் புதிதாகச் சொல்ல வேண்டும். ராஜாவும் பதிலுக்கு அவர்களுக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். அவர் தலைக்கு மேலே சங்கத்தின் விதிநூல் இருக்கிறது, அதற்கு மேலே இயக்குநர் குழு, எல்லாவற்றுக்கும் மேலே நாட்டுச் சட்டம். மதச் சடங்கைச் சங்கத்தின் பெயரால் நடத்தக்கூடாது. அதனால் புனிதர் எலும்பு, வேதபுத்தகம் எதுவும் பிரமாணத்துக்குக் கட்டாயமில்லை. நம்மூர் போலக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தால் சாமி சாட்சி. இங்கே அவரவர் மானம்தான் சாட்சி. உங்கள் அப்பாவுக்கு இந்த ஒரு அம்சம் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் அவருக்குப் பிடித்திருக்கும். நைட் ஆகிறவருக்கு வெள்ளை இடைப்பட்டை, தங்கச் சங்கிலி, குதிரை ஓட்டக் காலில் மாட்டும் குதிமுள் தருகிறார்கள். சங்கிலி விசுவாசத்தின் அடையாளம். சங்கிலி என்றதுமே உங்களுக்கு எரியும், தெரியும். ஆனால் மனசாட்சியாலோ மதத்தாலோ எவர் முன்னும் விசுவாசம் சொல்ல மாட்டேன் என்கிறவருக்கு அதே தகுதியில் மாஸ்டர் ஆஃப் ஆர்ம்ஸ் என்று இன்னொரு பட்டம் உண்டு. சங்கிலி கிடையாது, தோளில் குறுக்கே வெள்ளைப் பட்டை. மரியாதையில் இம்மி குறைவில்லை. உங்கள் மகள் அந்த நிலைக்கு வரும்போது தாத்தாவை நினைத்துக்கொண்டு அதைக் கேட்டு வாங்கலாம்.

அடுத்த மாதம் நடக்கப்போவது இதெல்லாம் இல்லை. நைட்டுக்கும் ஸ்கொயருக்கும் இடையிலான உறவு அந்த இரண்டு பேருடைய சொந்த ஏற்பாடு. சிவப்புப் பட்டை கட்டுவது வழக்கம்தான், சங்கத்தின் விதியில் அதற்கு அளவுகோல் ஒன்றும் கிடையாது. மண்டியிடாமல் எதிரெதிரே உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறவர்களும் உண்டு. நான் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான். மண்டியிடுவதைவிட, என்ன சொல்லி மண்டியிடுகிறார் என்பதைக் கேளுங்கள். அந்த நைட் இவளுக்கு என்ன கற்றுத் தருவார், இவள் அவருக்கு என்ன செய்வாள், எத்தனை காலம், பிடிக்காமல் போனால் எப்படி முடிப்பது. இளவயதில் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு, காலக்கெடு எதுவும் சொல்லாமல், "நீங்கள் சொல்வதை எழுதுகிறேன்" என்று ஒரு வார்த்தை கொடுத்தேன். அதிலிருந்து மரியாதை கெடாமல் வெளியேற எனக்கு நாலு வருடம் ஆனது.

முடிப்பதற்கு மத்தியகாலத்தாரிடம் முறை இருந்தது. அதே கால்பெர்ட்தான் எழுதுகிறார்: பிரபுவோடு உறவை முறிக்க வந்தவர்கள் ஒரு துரும்பை எடுத்து எறிந்தார்கள். படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் தென்மாவட்டங்களில் சில சமூகங்களில் பஞ்சாயத்தார் முன்னிலையில் துரும்பு கொடுத்தால் கல்யாணம் தீர்ந்தது என்று முன்பு பொருள். சம்பந்தமே இல்லாத இரண்டு மூலைகளில் ஒரே துரும்பு! கையைக் கைக்குள் வைப்பதற்கு முன்னால், துரும்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். இதை மகளிடம் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தச் சங்கத்துக்காரர்களுக்கு இந்த மாதிரித் தகவல் என்றால் சர்க்கரைப் பொங்கல்.

போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள், மனைவியையும் அழைத்துக்கொண்டு. முதல் நாள் சாயங்காலமே போனால் பேச்சுக்கு நேரம் கிடைக்கும். அந்த நைட்டோடு உட்கார்ந்து பேசுங்கள், தாத்தா கதையைச் சொல்லுங்கள். ஐரோப்பாவைத் தவிர வேறு ஊர்க்காரர்களாகவும் அங்கே ஆட்கள் வருகிறார்கள், கேட்கக் காது இருக்கும். உடையைப் பற்றிக் கவலை வேண்டாம். எனக்குக் கொடுத்தது போன்ற இரவல் அங்கி உங்களுக்குத் தேவைப்படாது. வேட்டி 1600-க்கு எவ்வளவோ முந்தையது, வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். துண்டையும் எடுத்துப் போங்கள். அதை எங்கே போடுவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.