இரண்டு மூன்று பேரை அனுப்பும் குட்டி நாடுகளால் விளையாட்டில் என்ன ஆகும்?

ஒலிம்பிக், காமன்வெல்த் மாதிரிப் போட்டிகளுக்குக் குட்டி நாடுகள் கைவிரலில் எண்ணுகிற அளவுக்கு ஆட்களை அனுப்புகின்றனவே, கொடி பிடித்து நடந்துவிட்டுத் திரும்புவதைத் தவிர அவர்களால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் எனக்குக் கொஞ்சம் சொந்தக் கடுப்பு உண்டு, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். 2022 ஆகஸ்ட் 4, பர்மிங்காம் காமன்வெல்த்தில் ஆண்கள் லாங் ஜம்ப் இறுதிச்சுற்று. எங்கள் மாவட்டத்துப் பையன் ஸ்ரீசங்கர் தாண்டுகிறான் என்று நள்ளிரவு தாண்டியும் நாலு பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஐந்தாவது முயற்சியில் 8.08 மீட்டர். நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. ஆனால் அதே 8.08ஐ பஹாமாஸ்காரர் லக்வான் நெய்ர்ன் முன்பே தாண்டி வைத்திருந்தார். தூரம் சமமானால் இரண்டாவது நல்ல தாண்டலைப் பார்ப்பார்கள். அவருக்கு 7.98, நம்மவருக்கு 7.84. தங்கம் அங்கே போனது, வெள்ளி இங்கே வந்தது. கூட இருந்த மலையாளி நண்பன் எரிச்சலோடு கேட்டான்: "ஈ பஹாமாஸ் எவிடெயாடா?" மேப்பைத் திறந்து தேடினோம். மொத்த ஜனத்தொகை சுமார் 4 லட்சம். எங்கள் மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்குப்படி 28 லட்சம் பேர்.

சரி, மூன்று நாள் கழித்து டிரிபிள் ஜம்ப். எல்தோஸ் பால் 17.03, அப்துல்லா அபூபக்கர் 17.02, தங்கமும் வெள்ளியும் இரண்டு மலையாளிகளுக்கு. மூன்றாவதாக நம்ம தமிழ்நாட்டுப் பிரவீன் சித்ரவேல் வந்துவிட்டால் மேடை முழுக்க இந்தியாதான் என்று காத்திருந்தோம். பிரவீன் 16.89. வெண்கலம் 16.92 தாண்டிய பெரின்சீஃபுக்கு, அவர் பெர்முடாக்காரர். இரண்டு விரல் அகலம்தான் வித்தியாசம். ஒரு கண்ணில் சந்தோஷம், ஒரு கண்ணில் வருத்தம், தமிழ்நாடு-கேரள எல்லையில் குடியிருப்பவனுக்கு இது பழகிப்போனது. பெர்முடாவில் அறுபதாயிரத்துச் சொச்சம் பேர், பாலக்காடு நகராட்சியில் பாதிகூட வராது. கறாராகச் சொன்னால் அது தனி நாடுகூட இல்லை, பிரிட்டனின் ஆட்சிப்பகுதி. ஆனாலும் சொந்தக் கொடியோடு வருகிறது, 2021 டோக்கியோவில் டிரையத்லானில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) ஃப்ளோரா டஃபி அதற்கு ஒலிம்பிக் தங்கமே வாங்கிக் கொடுத்தார்.

அதே டோக்கியோவில் தீபக் பூனியாவின் வெண்கலத்துக்கான மல்யுத்தம் ஞாபகம் இருக்கிறதா? கடைசிப் பத்து நொடி வரை முன்னிலை, அப்புறம் கவிழ்ந்தது. கவிழ்த்தவர் சான் மரினோவின் மைல்ஸ் அமீன். முப்பத்து நாலாயிரம் பேர் உள்ள நாடு, ஐந்து பேரை அனுப்பி மூன்று பதக்கத்தோடு திரும்பியது. முதல் முறை வந்தது 1960இல், முதல் பதக்கத்துக்கு 61 வருஷம் ஆயிற்று.

இதெல்லாம் மந்திரமும் இல்லை. அமீன் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர், தாய்வழிச் சொந்தத்தில் சான் மரினோவுக்காக ஆடினார். 2024 பாரிஸில் பெண்கள் நூறு மீட்டரை 10.72 நொடியில் ஓடி, கரீபியன் தீவு நாடான செயின்ட் லூசியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாகக் கொண்டுவந்த ஜூலியன் ஆல்ஃப்ரெட், பதினாலு வயதில் ஜமைக்காவுக்குப் போய், பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சி எடுத்தவர். இவரைப் போன்றவர்கள் ஊரில் வசதி இல்லாவிட்டால் வசதி உள்ள ஊருக்குப் போகிறார்கள், கொடியை மட்டும் மாற்றிக்கொள்வதில்லை. பதினொரு பேர் வேண்டிய ஆட்டத்தில் அவர்கள் திணறலாம், ஒற்றை ஆள் ஓடுவதற்கும் தாண்டுவதற்கும் அந்த ஒரு ஆள் போதும்.

எல்லோரும் ஜெயிப்பதில்லை என்பதும் உண்மை. எந்தத் தகுதி அளவையும் யாரும் எட்டாத நாட்டுக்கும் தடகளத்திலும் நீச்சலிலும் இடம் ஒதுக்கும் ஏற்பாடு ஒலிம்பிக்கில் இருக்கிறது. பாரிஸ் மாரத்தானில் பூட்டானின் கின்சாங் லாமோ, முதலில் வந்தவருக்கு ஒன்றரை மணி நேரம் கழித்துக் கடைசியாக வந்தார். ரோட்டோரக் கூட்டம் கூடவே நடந்து கைதட்டியது. அதைப் பரிதாபம் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அந்த ஓட்டத்தைப் பாதியில் விட்டுப் போனவர்களும் இருந்தார்கள்.

கடுப்பு என்றேனே, அதற்கு வருகிறேன். நான் படித்தது ஒரு சின்னத் தமிழ் மீடியம் பள்ளி. சித்தூர் உபஜில்லா மீட்டுக்கு, அதாவது வட்டார அளவிலான பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் இல்லை) எங்கள் பள்ளியிலிருந்து போனது இரண்டு பேர். பெரிய பள்ளிகள் பேண்டு வாத்தியத்தோடு நாற்பது ஐம்பது பேராக அணிவகுத்தன. நாங்கள் ஒருவன் பள்ளிப் பெயர்ப் பலகையைப் பிடிக்க, ஒருவன் பின்னால் நடந்தோம். கேலரியில் ஒரே சிரிப்பு. மைக்கில் பள்ளிப் பெயரைத் தப்பாக வாசித்தார்கள். எங்கள் மாஷ் (வாத்தியார்) தன் கைக்காசில் பரோட்டா வாங்கித் தந்து, "டேப்பைப் பிடிக்கிறவன் நீ எந்த ஸ்கூல்னு கேட்க மாட்டான், போய்த் தாண்டு" என்றார். தாண்டினேன். ஆறாவது இடம். எனக்குப் பின்னால் வந்ததில் பேண்டு வாத்தியப் பள்ளிக்காரர்கள் மூன்று பேர்.

அதனால்தான் பஹாமாஸ் அன்றைக்கு ஜெயித்தபோது முதல் ஐந்து நிமிஷம் திட்டினேன், அப்புறம் திட்ட வரவில்லை.

இந்த வருஷம் அதே பள்ளியிலிருந்து என் அக்கா மகள் லாங் ஜம்ப்புக்குப் போகிறாள். மொத்தம் மூன்று பேராம். பலகைக்கு ஒரு ஆள் போக, பின்னால் நடக்க இரண்டு பேர்.