ஐஸ் (மெத்தம்ஃபெட்டமின் போதைப்பொருள்) பழக்கத்தால் வந்த மனப்பிரமை, மருந்துக்கு மசியாதபோது: கேள்வி பதில்

(பதில் சொல்பவர் மனநல வார்டுகளில் நீண்டகாலம் பணியாற்றிய தாதி.)

சிங்கப்பூர் ஈசூன் வாசகி: ஐஸ் புகைத்த தம்பி இரண்டு மாதமாக ஒலான்சபைன் என்ற மனநோய் மாத்திரை சாப்பிடுகிறான். மேல்மாடிக்காரர் கேமரா வைத்திருக்கிறார் என்று இன்னும் சுவரில் டேப் ஒட்டுகிறான். மருந்து வேலை செய்யவில்லையா?

மாத்திரை உள்ளே போகிறதா என்று முதலில் பாருங்கள், அக்கா. கன்னத்தில் ஒதுக்கிவிட்டுக் கழிவறையில் துப்புபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்தது, ஐஸ் நின்றுவிட்டதா? அவன் பேச்சை நம்புவதைவிடச் சிறுநீர்ச் சோதனை நல்லது. ஐஸ் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைக் கொட்ட வைக்கும். மாத்திரை அந்த டோபமைனின் வேலையைத் தடுக்கும். இரண்டும் சேர்ந்து ஓடினால் மாத்திரையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐஸை நிறுத்திய பலருக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ தெளிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் பிரமை நீடித்தால், அடியில் ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) இருக்கிறதா என்று டாக்டர் யோசிப்பார். வலிப்பு, தைராய்டு, மூளை அழற்சி இவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

அதெல்லாம் பார்த்தாயிற்று. மற்ற மருந்துகள் கேட்காதபோது தரும் குளோசபைன் கொடுக்கலாம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

இரண்டு வெவ்வேறு மருந்துகளை, ஒவ்வொன்றும் போதிய அளவில் 6 வாரமாவது கொடுத்தும் கேட்காதபோதுதான் வழக்கமாக அதற்குப் போவார்கள். அந்த விதி ஸ்கிசோஃப்ரினியாவுக்கானது. ஐஸ் விஷயத்தில் ஆதாரம் குறைவு. ஆனாலும் நான் அதை ஒதுக்கமாட்டேன். அரிதாக வெள்ளை அணுக்கள் சரிந்துவிடும் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. காய்ச்சல், தொண்டை வலி வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். மலச்சிக்கலையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆபத்தில் முடியலாம். அப்புறம், சிகரெட்டைத் திடீரென விட்டால் ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு ஏறிவிடும், டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடங்கவே கூடாது.

மாத்திரையே வேண்டாம் என்கிறான். ஊசி உண்டா?

குளோசபைனுக்கு இல்லை. வேறு சில மருந்துகளுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசி உண்டு. உண்மையில் குளோசபைனுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

கேமரா இல்லை என்று வாதாடலாமா?

வேண்டாம், சண்டைதான் மிஞ்சும். “பயமாக இருக்கிறதா? சரி, வா, சாப்பிடு” என்று பேச்சை மாற்றுங்கள்.

மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் போலீஸ் வருமா?

மறைக்கமாட்டேன். போதைப் புழங்கி என்று கருதுபவரைப் பற்றி அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது இங்கே டாக்டரின் சட்டக் கடமை. அதற்குப் பயந்து வீட்டிலேயே பூட்டிவைப்பதுதான் பெரிய ஆபத்து. புவாங்கோக்கில் மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும். தொலைபேசி 6389 2222. அவன் கையில் கத்தியைத் தூக்கினால் நேரே போலீஸ், 999.