பாதம் போட்ட கோடு: எலிப்டிகல் பற்றிய கேள்வி-பதில்

கும்பகோணம், தஞ்சாவூர், நாகை வட்டாரங்களில் உடற்பயிற்சிக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, நின்றபடியே இரு மிதிகளை மாறி மாறி மிதிக்கும் எலிப்டிகல் கருவியைப் பற்றியவை.

கேள்வி: எலிப்டிகலை உருவாக்கியவர் யார்? (வாசகி, மன்னார்குடி)

பதில்: மகள் ஓடுவதைக் கூர்ந்து பார்த்த ஒரு தகப்பனார். ஜெனரல் மோட்டார்ஸில் பொறியாளராக இருந்த லாரி மில்லர், 1980-களில் மகள் ஓடும்போது காரில் கூடவே சென்று படம்பிடித்தார். பிறகு அதைப் போட்டுப் பார்த்தால், பாதம் நீள்வட்டமாகச் சுழன்று வருவது தெரிந்தது. அதே பாதையில் காலைக் கொண்டுபோகும் கருவிக்காக உழைத்தார். அவருடைய வடிவமைப்பின் உரிமையைப் பெற்ற பிரீகார் நிறுவனம், 1995-இல் இ.எஃப்.எக்ஸ் என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜிம்மில் இருக்கும் பெரிய கருவிகளில் இது இளையவற்றில் ஒன்று.

கேள்வி: அப்படியானால் டிரெட்மில் மூத்ததா? (திருவையாறு)

பதில்: வெகு மூத்தது. 1818-இல் இங்கிலாந்துச் சிறைக் கைதிகள் மிதிப்பதற்காக வில்லியம் கியூபிட் அமைத்த பெரிய உருளைக்கு வந்த பெயர் அது. தண்டனைக் கருவியின் பெயர் ஆரோக்கியத்துக்கு வந்து சேர்ந்தது எனக்கு இன்றும் வியப்பு.

கேள்வி: உள்ளே சக்கரம் வட்டமாகத்தானே சுற்றுகிறது? பாதம் மட்டும் எப்படி நீள்வட்டமாகப் போகிறது? (மாயவரம்)

பதில்: ஒரு முழக் குச்சியின் நடுவில் சிவப்பு நூல் கட்டுங்கள். வலக்கையால் ஒரு முனையை வட்டமாகச் சுற்றுங்கள். மறுமுனையை இடக்கையில் பிடித்து, முன்னும் பின்னும் மட்டும் போகவிடுங்கள். இப்போது நூல் முடிச்சைப் பாருங்கள், அது நீள்வட்டம் போடும். எலிப்டிகலிலும் இதேதான். மிதி தாங்கும் தண்டின் ஒரு முனை கிராங்கோடு, அதாவது சக்கரத்தின் அச்சிலிருந்து நீண்டு சுழலும் கையோடு, சுற்றுகிறது, மறுமுனை உருளைமேல் தண்டவாளத்தில் ஓடுகிறது, நடுவில் நம் பாதம். நீராவி ரயில் எஞ்சினில் பிஸ்டனையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டும் இதே வேலையைத்தான் செய்தது. நீலகிரி மலை ரயிலுக்கு எஞ்சின் கட்டிய பொன்மலைப் பணிமனைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வாங்கும்போது இந்தக் கணக்கு உதவும். இந்த எளிய அமைப்பில் நடையின் நீளம் கிராங்கின் நீளத்தைப் போல இரு மடங்கு. 20 அங்குல நடை வேண்டுமென்றால் கிராங்க் 10 அங்குலம் இருந்தாக வேண்டும். குட்டையான கிராங்க் உள்ள கருவியில் உயரமானவர் ஏறினால், நடப்பது போலிருக்காது, படியை மிதிப்பது போலிருக்கும். விலையைக் கேட்பதற்கு முன் ஏறி நின்று 10 நிமிடம் மிதித்துப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவலி. வாங்கலாமா? (திருவாரூர்)

பதில்: பாதம் மிதியை விட்டு எழும்பாததால், ஓடும்போது விழும் அடி இதில் முழங்காலுக்கு இல்லை. ஆனாலும் முழங்காலைப் பார்த்த மருத்துவர் சரி என்ற பிறகே வாங்குங்கள்.

கேள்வி: இரண்டு வருடமாகத் திண்ணையில் இருக்கும் கருவி, மிதிக்கும்போதெல்லாம் கிறீச்சிடுகிறது. எண்ணெய் விடலாமா? (நாகப்பட்டினம்)

பதில்: தண்டவாளத்தில் விடாதீர்கள், தூசி பசைபோல ஒட்டிக்கொள்ளும். கடற்கரை ஊர்களில் நான் திறந்து பார்த்தவற்றில் தண்டவாளம் முழுக்க உப்புப் பொரிந்திருந்தது. அதன்மேல் ஓடிய உருளைகள் ஒரு பக்கம் தேய்ந்து பிறைபோல ஆகியிருந்தன. ஈரத் துணியால் உப்பைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அப்படியும் சத்தம் நிற்காவிட்டால் உருளைகளை ஜோடியாக மாற்றிவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் கருவியைத் திண்ணையிலிருந்து உள் அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.