பேரம் பேசப் பகடை உருட்டலாமா? அக்காவின் பதில்கள்

வன்னியில டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) போல, ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டிற மேசை விளையாட்டு ஆடுற பிள்ளையள், சாமான் வாங்குறதைப் பற்றி அனுப்பின கேள்விகளுக்கு என்ர பதில்கள்.

மல்லாவியிலிருந்து: அக்கா, என்ர பாத்திரம் பார்டு, பாட்டுக்காரன். அவனுக்குக் கரிஸ்மா (ஆளைக் கவருற குணம்) 18. எல்லாச் சாமானிலயும் 30 வீதம் கழிவு கேட்டன். ஆட்டத்தை நடத்துற டிஎம் மாட்டன் எண்டுறார். ஆர் சரி?

டிஎம்தான் சரி, தம்பி. டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில கரிஸ்மாவுக்கு விலைக்கழிவு எண்டு விதி இல்லை. 18 இருந்தால் +4. பெர்சுவேஷன், அதாவது ஆளை இணங்க வைக்கிற திறனுக்குப் பகடை உருட்டேக்க அதைக் கூட்டலாம். உருட்ட விடுறதோ எண்டது டிஎம்மின்ர முடிவு.

கணக்கையும் பாருங்கோ. நீள்வாள் 15 தங்கக்காசு. 2014 விதிப்புத்தகத்தின்படி வித்தால் பாதிதான், ஏழரை. 30 வீதக் கழிவில பத்தரைக்கு வாங்கி, விக்கேக்கயும் வாய்ச்சாலகத்தால 80 வீதம் எடுத்தீங்கள் எண்டால் 12. வாளுக்கு ஒண்டரைக் காசு லாபம். பிறகு ஆர் குகைக்குள்ள போறது? சந்தையிலயே இருந்து பணக்காரர் ஆகிடுவீங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து: அப்ப கரிஸ்மாவால கடையில பிரயோசனமே இல்லையோ?

நிறைய இருக்கு, ஆனா விலையில தேடாதேங்கோ. எங்கட கடைக்காரர் ஆருக்குக் கொப்பியில கடன் எழுதுறார்? நெல்லு வெட்டினாப் பிறகு தருவன் எண்ட சொல்லை நம்பக்கூடின ஆளுக்கு. கரிஸ்மாவின்ர வேலையும் அந்த நம்பிக்கைதான். 1500 தங்கக்காசுத் தட்டுக் கவசத்தை முற்பணத்தோட தூக்கித் தாறது, உள்ளறைச் சாமானை வெளியில எடுக்கிறது, இரகசியமா விக்கிறவரிட்டக் கூட்டிக்கொண்டு போறது. 2017இல வந்த சனாத்தர் கையேடு எண்ட டி அண்ட் டி விதிநூலும் இந்தப் பக்கம்தான் நிக்குது: மந்திரப் பொருள் தேட ஒரு வேலைவாரமும் 100 தங்கக்காசும் செலவழிச்சுப் பெர்சுவேஷன் உருட்டவேணும். நல்லா விழுந்தால் விலை குறையாது, நல்ல பொருள் வரும். எனக்கு மிகவும் பிடிச்ச விதி அது.

வவுனியாவிலிருந்து: என்ர பாத்திரம் பார்பேரியன், முரட்டு வீரன். அவனுக்குக் கரிஸ்மா 8. கடைக்கு வெளியில நிக்கவோ?

உள்ள போங்கோ. கடைக்காரர் பொய் சொல்லுறாரோ எண்டு பிடிக்கிற இன்சைட் திறன், கரிஸ்மாவில இல்லை, விஸ்டத்தில (விவேகம்) தங்கியிருக்கு. மூன்றாம் பதிப்பில பொருளின்ர பெறுமதி மதிக்க அப்ரைஸ் எண்டு தனித் திறனே இருந்தது, அது இன்டெலிஜென்ஸோட (புத்தி) சேர்ந்தது.

கிளிநொச்சியிலிருந்து: ஒவ்வொரு காசையும் எண்ணிக் களைச்சுப் போனம்.

கோல் ஆஃப் கதுலு எண்ட திகில் மேசை விளையாட்டின்ர ஏழாம் பதிப்பு ஆடிப் பாருங்கோ. கிரெடிட் ரேட்டிங் எண்ட திறனே உங்கட வசதியைச் சொல்லும். சின்னச் செலவுக்குக் கணக்கு வேண்டாம்.

ஒட்டுசுட்டானிலிருந்து: பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்ச 1803இல எங்கட ஆட்டம் நடக்குது. நான்தான் டிஎம். ஆடுறவை யானை வாங்கேக்க என்ன உருட்டுறது?

நல்ல கேள்வி, தங்கச்சி. வன்னியர் யானையைத் திறையாக் குடுத்த மண் இது. பெர்சுவேஷனை விடுங்கோ, விஸ்டத்தோட அனிமல் ஹேண்ட்லிங் (மிருகங்களைக் கையாளுற திறன்) உருட்டச் சொல்லுங்கோ. நல்லா விழுந்தால், அலியனின்ர (கொம்பில்லாத ஆண் யானை) கண்ணுக்கும் காதுக்கும் நடுவில மதநீர் வடிஞ்ச கறை தெரியுது எண்டு சொல்லுங்கோ. குறைவா விழுந்தால் விலையைக் கூட்டாதேங்கோ, கறையைச் சொல்லாமல் விடுங்கோ. அவை சந்தோசமா வாங்கிக்கொண்டு போகட்டும். அந்த யானை காட்டுவழியில என்ன செய்தது எண்டு எனக்குக் கட்டாயம் எழுதுங்கோ.