நைட் ஷிஃப்ட்டில் எடை குறையலையா? முதலில் தூக்கத்தைப் பாருங்க

வணக்கம் சகோ. நைட் ஷிஃப்ட், பகல்ல நாலரை மணி நேரத் தூக்கம், வேலை முடிஞ்ச கையோட ஜிம், சாப்பாடு 2 வேளைதான், இருந்தும் எடை அசையலைன்னு எழுதியிருந்தீங்க. அந்தக் காலை ஜிம்மை விட்டுடுங்க. நேரா வீட்டுக்கு வந்து படுங்க, சாயங்காலம் எழுந்து நடக்கலாம்.

2010-ல சிகாகோ பல்கலைக்கழகத்துல 10 பேருக்குக் கலோரியைக் குறைச்சு, ஒரு தடவை எட்டரை மணி நேரமும் இன்னொரு தடவை ஐந்தரை மணி நேரமும் படுக்கவெச்சுப் பார்த்தாங்க. ரெண்டு தடவையும் குறைஞ்ச எடை கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆனா தூக்கம் குறைஞ்சப்போ கரைஞ்ச கொழுப்பு பாதிகூட இல்லை. பசியும் கூடுச்சு.

விடியக்காலை 3 மணிக்கு டீயும் பஜ்ஜியும் உங்களை இழுக்கிறது அதனாலதான், மனவுறுதி இல்லாததால இல்லை. அவிச்ச முட்டையோ சுண்டலோ டப்பாவுல கொண்டு போங்க. 3 மணிக்கு அப்புறம் டீ வேண்டவே வேண்டாம், காஃபின் இறங்கப் பல மணி நேரமாகும். ஜன்னலுக்குக் கெட்டித் திரை, காலிங் பெல் ஆஃப்.

குறட்டை உண்டா? எழுந்ததும் தலைவலிக்குதா? அப்படின்னா டயட்டுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க, தூக்கத்துல மூச்சு தடைபடுதான்னு பரிசோதிக்கச் சொல்லுங்க.