முதலில் ஊசி, பிறகு பெட்டி

கேள்வி: என் மகன் கானா நாட்டில் தேமா என்ற துறைமுக நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். டிசம்பரில் நானும் கணவரும் அங்கே சென்று 2 மாதம் தங்கப் போகிறோம். எனக்கு 57 வயது. அவருக்கு 64, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இருவரும் சைவம். அரிசி, பருப்பு, சாம்பார்ப் பொடி, ஊறுகாய் என்று 2 பெட்டி நிறைய எடுத்து வைத்துவிட்டேன். ஆப்பிரிக்கா என்றதும் உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். மகனோ, "ஒன்றும் பயமில்லை, சும்மா கிளம்பி வாருங்கள்" என்கிறான். வேறு என்ன தயார் செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் பெட்டியைப் பற்றி நிறைய இருக்கிறது, ஊசியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கானாவின் தலைநகர் அக்ராவில் சில ஆண்டுகள் குடியிருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அரிசியை மறந்துவிட்டுப் போனால் அங்கே கடையில் வாங்கிக்கொள்ளலாம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையை மறந்துவிட்டுப் போனால் விமான நிலையத்திலேயே சிக்கல்தான்.

மஞ்சள் காய்ச்சல் என்றதும் நம் ஊரில் பலரும் மஞ்சள் காமாலையை நினைத்துக்கொண்டு, கீழாநெல்லி சாப்பிட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். இது வேறு, கொசு மூலம் பரவும் வைரஸ் நோய். கானாவுக்குள் நுழைய இதற்கான தடுப்பூசிச் சான்று கட்டாயம். சான்று இல்லாமல் திரும்பி வந்தால் இந்தியாவிலும் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும். அதன்பின் ஆயுள் முழுவதற்கும் போதும். உங்கள் குடும்ப மருத்துவரிடம் இதைப் போட்டுக்கொள்ள முடியாது, அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டுடன் செல்லுங்கள்.

உங்கள் கணவரைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இந்தத் தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரஸ் என்பதால், 60 வயதைக் கடந்தவர்களுக்கு முதன்முறையாகப் போடும்போது கடுமையான பக்கவிளைவு ஏற்படும் வாய்ப்பு, மிக அரிதுதான் என்றாலும், இளையவர்களைவிடச் சற்று அதிகம். சர்க்கரை நோய் மட்டும் இருந்தால் பொதுவாக அது தடையில்லை. ஆனால் முட்டை ஒவ்வாமை, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள், தைமஸ் சுரப்பிக் கோளாறு ஆகியவற்றில் எது இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். அவருடைய மருத்துவரைக் கலந்துகொண்டு, மருந்துச் சீட்டுகளையும் மையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். ஊசி கூடாது என்று மருத்துவர் முடிவு செய்தால் மருத்துவ விலக்குச் சான்று பெறலாம். ஆனால் அதை ஏற்பதும் மறுப்பதும் அந்நாட்டு அதிகாரிகள் கையில் இருப்பதால், டிக்கெட் வாங்குவதற்கு முன்பே இதைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலரை அலைக்கழிப்பது: நம்முடைய இனிஷியல். பாஸ்போர்ட்டில் தந்தை பெயரோ கணவர் பெயரோ முழுமையாக இருக்கும். ஊசி அட்டையிலோ பழக்கதோஷத்தில் ஒற்றை எழுத்தோடு எழுதிவிடுவார்கள். என் அட்டையில் அப்படி எழுதியதை வீடு திரும்பிய பிறகுதான் கவனித்தேன். திருத்தி வாங்க இன்னொரு நாள் போயிற்று. மேசையை விட்டு நகரும் முன், பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். விசாவுக்கும் இந்த அட்டையின் நகலைக் கேட்பது வழக்கம். மற்ற ஆவணங்களையும் கட்டணத்தையும் டெல்லியில் உள்ள கானா தூதரகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது மலேரியா. இதற்கு மாத்திரைதான். கானாவில் பெரும்பாலும் காணப்படுவது ஃபால்சிபாரம் என்னும் ஆபத்தான வகை. ஆண்டு முழுவதும் உண்டு. "இங்கே யாரும் மாத்திரை சாப்பிடுவதில்லை" என்று மகன் சொல்லக்கூடும். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சிறு வயதிலிருந்து திரும்பத் திரும்ப வந்து ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும்; 2 மாதம் தங்கப் போகிறவர்களுக்கு அது கிடையாது. மாத்திரைகளில் சில வகைகள் உள்ளன. அட்டோவாகோன்-புரோகுவானில், டாக்ஸிசைக்ளின் ஆகிய இரண்டையும் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கித் தினமும் சாப்பிட வேண்டும். திரும்பிய பிறகு முதலாவதை 7 நாளும் இரண்டாவதை 4 வாரமும் தொடர வேண்டும். உங்கள் கணவர் சாப்பிடும் மற்ற மருந்துகளோடு எது ஒத்துப்போகும் என்பதை மருத்துவரே சொல்லட்டும். மாத்திரை இருக்கிறதே என்று கொசுவலையையும் கொசு விரட்டிக் களிம்பையும் விட்டுவிடாதீர்கள்.

மருந்துகளை அட்டை பிரிக்காமல், ஆங்கில மருந்துச் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். மூட்டுவலிக்கு டிரமடால் சேர்ந்த மாத்திரை ஏதும் சாப்பிட்டால் மருத்துவரிடம் வேறு மாற்று கேளுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் அது போதைக்குப் பயன்படுத்தப்படுவதால் சுங்கத்தில் கெடுபிடி அதிகம்.

இனி பெட்டிக்கு வருவோம். பாதியை இறக்கிவிடுங்கள். அரிசி, வெங்காயம், தக்காளி, வெண்டைக்காய், கத்தரிக்காய், இஞ்சி, நிலக்கடலை எல்லாம் அங்கே சந்தையில் கிடைக்கும். துவரம் பருப்பு, புளி, பெருங்காயம், பொடி வகைகள் போதும். பொடிகளைப் பெயர் அச்சிட்ட, பிரிக்காத பாக்கெட்டுகளாகவே எடுத்துச் செல்லுங்கள். மிக்ஸி அப்படியே ஓடும், ஏனென்றால் மின்சாரம் நம்முடையதைப் போல 230 வோல்ட்தான். பிளக் மட்டும் சிங்கப்பூரில் உள்ளதைப் போல மூன்று தட்டைக் கால் கொண்டது. 2 அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியில் சாப்பிடும்போது கவனம் வேண்டும். வாச்சே என்று ஒரு சாதம் விற்பார்கள்: அரிசியையும் தட்டைப்பயறையும் சோளத் தாளின் உறையோடு சேர்த்து வேகவைப்பதால் செம்பழுப்பாக, நம் பருப்புச் சாதத்துக்குத் தூரத்து உறவு போல இருக்கும். அதன் ஓரத்தில் கறுப்பாக, எண்ணெய் மிதக்க, பார்ப்பதற்குத் தக்காளித் தொக்கு போலவே ஒரு கரண்டி வைப்பார்கள். அது ஷிட்டோ, கருவாட்டுத் தூளும் உலர் இறாலும் போட்டு வதக்கியது. முதல் வாரமே நான் அதில் ஏமாந்தேன். "இதில் இறைச்சி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும், ஏனென்றால் மீன் அவர்கள் கணக்கில் இறைச்சி ஆகாது. இறைச்சி, மீன், இறால் என்று மூன்றையும் தனித்தனியே கேளுங்கள்.

பணத்துக்கு டாலர் எடுத்துச் செல்லுங்கள். கிழிசல், மை, பழைய வரிசை இல்லாத நோட்டாக வங்கியிலேயே கேட்டு வாங்குங்கள். அங்கே மாற்றிக்கொண்டால் செடி என்ற நாணயம் கிடைக்கும்.

டிசம்பரில் சஹாராவிலிருந்து ஹர்மட்டான் என்னும் வறண்ட காற்று புழுதியோடு வீசும். உதடு வெடிக்கும், துவைத்த துணியில் தூசி படியும். தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில் கூடவே இருக்கட்டும். ராணுவச் சீருடை போல் பச்சைத் திட்டுத்திட்டான உடை அங்கே பொதுமக்கள் அணியச் சட்டப்படி தடை. கணவரிடம் அப்படி ஒரு கால்சட்டை இருந்தால் வீட்டிலேயே இருக்கட்டும்.

உறவினர்கள் சொல்லும் பயத்துக்கு ஒரு வார்த்தை. திருட்டு பற்றிய எச்சரிக்கை எந்தப் பெரிய நகரத்துக்கும் பொருந்துவதுதான். அதற்கு மேல் அஞ்ச வேண்டியதில்லை. மக்கள் மரியாதை பார்ப்பவர்கள். கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்டால் முகம் சுளிப்பார்கள். முதலில் வணக்கம், பிறகுதான் வியாபாரம். இடக்கையால் கொடுப்பதும் வாங்குவதும் நமக்கே ஆகாது. அங்கே இடக்கையால் சுட்டிக்காட்டுவதும் கூடாது. நன்றிக்கு "மெதாசே" என்று ஒரு சொல் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் பிறந்த கிழமையையும் நினைவில் வையுங்கள், ஏனென்றால் அங்குள்ள அக்கான் இன மக்கள் பிறந்த கிழமையை வைத்துப் பெயர் சூட்டுவார்கள். வெள்ளியில் பிறந்த பெண் அஃபுவா, ஆண் கோஃபி. அக்கம்பக்கத்துப் பெண்கள் முதல் நாளே கேட்டு உங்களுக்கும் ஒன்று வைத்துவிடுவார்கள்.

திரும்பி வந்த பிறகு சில மாதங்களுக்குள் இருவரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், வைரஸ் காய்ச்சலாக இருக்கும் என்று பாரசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போய், அவர் கேட்காவிட்டாலும், "கானாவிலிருந்து வந்திருக்கிறோம், மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள்.